சேற்றுக்கும் தாருக்கும் ஒரே டயர்

குந்தி உட்கார்ந்து, டயரின் பள்ளத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து அடிவரை போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் கொர்னேலியஸ். வாயில் சுருட்டு. அது எரியவில்லை; என்றைக்கும் எரிந்ததில்லை. அதை யாரும் தொடவும் விடமாட்டார். எதிரே கடைக்காரச் சீனர் ஆ கிம், விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்தபடி, இந்த மனிதர் எப்போது எழுந்திருப்பார் என்று காத்திருக்கிறார். கோல சிலாங்கூர் கடைத்தெருவில் சேலை எடுக்க வருகிற பெண்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி உள்ளே போனால் வரும் எங்கள் ரப்பர் தோட்டத்தின் லோரி டிரைவர் அவர். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை பட்டணம் போக முன் சீட்டில் எனக்கு ஓர் இடம் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் குள்ளம். எதிரே நின்று பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேலே தொப்பியும் இரண்டு கண்களும் மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையிலும் கிரீஸ் கறை இருக்கும். அதற்காகச் சண்டை போடுவதை அவர் மனைவி முரியல் நிறுத்திப் பல காலமாகிறது. தெருவில் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார். நிற்கிற வண்டியின் டயரைப் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வந்து இறங்கிய காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "முன்னாடி எடது பக்கம் தேஞ்சு போச்சு, பாத்துப் போங்க மாப்ள" என்று வாழ்த்தினார். மாப்பிள்ளை முழித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டயரால் அவர் பட்டபாடு அப்படி. முதலில் லோரிக்கு வழுவழுப்பான பட்டணத்து டயர்தான் இருந்தது. தார்ரோட்டில் சொன்னபடி கேட்கும். மழை பெய்தால் தோட்டத்து மேட்டில் செம்மண்ணுக்குள் உட்கார்ந்துகொள்ளும். முன்பென்றால் யாராவது இழுக்க வரும்வரை லோரிக்கு அடியில் படுத்துத் தூங்கலாம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரியும் இந்த அவசரகாலத்தில், இரண்டு பக்கமும் ரப்பர் மரம் மூடிய பாதையில் நின்றுபோன லோரிக்குள் உட்கார்ந்திருக்க யாருக்குத் தைரியம் வரும்? ஒருமுறை பட்டாளத்தார் துப்பாக்கியோடு சுற்றி நிற்க, தோட்டமே வந்து தள்ளியது.

பிறகு பட்டாளம் கழித்துப்போட்ட டயர்களை வாங்கி மாட்டினார்கள். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். சேற்றை ஒரு கை பார்த்தது. ஆனால் நனைந்த தாரில் பிரேக் போட்டால் நிற்காது. போன மாதம் லோரி அரைவட்டம் அடித்துக் கால்வாயில் இறங்கியது. பீப்பாயிலிருந்த ரப்பர் பால் முழுக்கக் கால்வாயோடு போயிற்று. தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: டயரை நீயே பார்த்து எடு, இதுவும் சரிப்படாவிட்டால் பட்டணத்துக் குத்தகை லோரியைப் பேசிக்கொள்கிறேன், நீ புல்வெட்டப் போ.

"ஸ்டேரிங் புடிச்ச கையி வாத்தியாரே, புல்லு வெட்டுமா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் சுருட்டு வாயின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது. எனக்கு மனசு சங்கடமாக இருந்தது.

டயர் எடுக்கப் புறப்பட்ட சனிக்கிழமை காலையில் அவர் மடியில் ஒரு பால் டின். நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட நாளிலிருந்து, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சாப்பாட்டுச் சாமான் எதையும் கேட்டுக்கு வெளியே விடுவதில்லை. காவலுக்கு நிற்கும் சன்னாசியும் எங்கள் தோட்டத்துக்காரன்தான், பால்வெட்டிக்கொண்டிருந்தவன். காக்கி ஏறியதும் மீசையும் ஏறிவிட்டது.

"டின்னுல என்னா?"

"மண்ணுடா."

"மண்ண எவனாச்சும் டவுனுக்குக் கொண்டு போவானா? தொறங்கண்ணே!"

திறந்தார். உண்மையிலேயே மேட்டுச் செம்மண், தண்ணீர் விட்டுப் பிசைந்தது. சன்னாசி குச்சியால் அடிவரை குத்திப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். அரிசி, சீனி ஒன்றும் அகப்படாததில் அவனுக்கு வருத்தம்.

அந்த மண்ணைத்தான் இப்போது ஆ கிம் கடையில் ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் அப்புகிறார். ஸ்பேனரால் ஒரு தட்டு. மண் உதிர்ந்து விழுந்தால் அந்த டயர் சேற்றில் ஓடும், ஒட்டிக்கொண்டால் ஓடாது. கடை வயலாகிவிட்டது என்று ஆ கிம் மலாயில் கத்துகிறார். இவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் மூலையில் அடுக்கியிருந்த ஒரு செட்டிலிருந்து ஒன்றை உருட்டி வந்தார். நடுவில் அறுபடாமல் ஓடும் பட்டை. இரண்டு ஓரத்திலும் அகலப் பள்ளம், தடித்த பல். ஒரே தட்டில் மண் பொத்தென்று விழுந்தது. நடுப்பட்டையைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார்.

"இந்த நடுவு தாருக்கு. இந்த ஓரம் சேத்துக்கு. இதான் லா வேணும்!"

எல்லாச் சக்கரத்துக்கும் மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்தது. சாமான் வாங்க வந்த பெண்கள் பின்னால் ஏறினார்கள். வழியில் நல்ல மழை. ஓர் இடத்தில் சைக்கிளில் வாழைத்தாரோடு ஒரு மலாய்க்காரப் பெரியவர் குறுக்கே வந்துவிட்டார். கொர்னேலியஸ் பிரேக்கை மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். லோரி கோடு போட்டதுபோல் நேரே நின்றது. பெரியவர் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. "கேளுங்க வாத்தியாரே, சத்தம் வருதா? தொட்டில் ஆட்டுற மாதிரி போவுதுல்ல?"

மழை விட்டது. தோட்டத்து மேட்டின் கீழே தார்ரோடு வளைகிற இடம் வந்தது. திடீரென்று அவர் முகம் செத்துவிட்டது.

"ஐயையோ, சத்தமே இல்லியே! சன்னாசிக்குக் கேக்காதே!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிச் சாவியைக் காவல் சாவடியில் கொடுத்துவிட்டால் விடியும்வரை துரைக்கே திறக்கமாட்டார்கள். பட்டாளத்து டயர் தாரில் ஊளையிடும். அந்த ஊளை கீழேயிருந்து கேட்டால் லோரி மேடேறும்வரை சன்னாசி பூட்டாமல் நிற்பான். முரியல்கூட அதைக் கேட்டுத்தான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். டயரின் எல்லாக் குணத்தையும் சோதித்த மனிதர் இதை மறந்துவிட்டார். ஆறாக இன்னும் கொஞ்ச நேரம்தான். ஹாரன் அடிக்க வழியில்லை; இங்கே ஹாரன் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம், துப்பாக்கியைத் தூக்கிவிடுவார்கள். ஊரடங்கில் வெளியே அகப்பட்டால் யார் சுடுவார்கள் என்று சொல்ல முடியாது. பின்னால் இத்தனை பெண்கள்.

கொர்னேலியஸ் ஒரு கணம்தான் யோசித்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்து என் கையில் திணித்தார். தலையை வெளியே நீட்டினார்.

"ஊஊஊம்ம்ம்…"

அசல் பட்டாளத்து டயர்.

"டிரைவரண்ணே, பேய் புடிச்சிருச்சா?" என்று பின்னாலிருந்து தாயம்மா கேட்டாள். தோட்டத்தில் அவள் கூப்பிட்டால் கடைசி நிரையில் பால்வெட்டுகிறவனும் திரும்புவான்.

"டயர் சத்தம் புள்ள! சன்னாசி கேட்டப் பூட்டிருவான், எல்லாரும் போடுங்க!"

தாயம்மாவுக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் எடுத்துக் கொடுக்க, லோரி முழுக்க ஊளையிட்டது. நானும் ஊளையிட்டேன், கையில் சுருட்டோடு. அப்படியே மேட்டில் திரும்பினோம். செம்மண் குழம்பாகக் கிடந்தது. சக்கரம் ஒருமுறை சுழன்றது, பிடித்தது. சேற்றை இரண்டு பக்கமும் வீசிக்கொண்டு ஏறியது. ஊளை நடுவே பெண்களின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

கேட் திறந்திருந்தது. சன்னாசி சாவியோடு நின்றான்.

"என்னாண்ணே, புது டயர் மாட்டுறேன்னு போனீங்க? பழைய சத்தந்தானே வருது?"

லோரி குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. கொர்னேலியஸ் இறங்கி, பள்ளத்தில் மண் தங்கியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். இல்லை. அன்றைக்குச் சிரித்ததுபோல் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

குத்தகை லோரியைப் பற்றி துரை அப்புறம் பேச்செடுக்கவில்லை. சன்னாசிக்கு விஷயத்தைச் சொல்லி வேறு ஏதாவது அடையாளம் ஏற்பாடு செய்யலாமே என்று நான் சொன்னேன். "எதுக்கு? நல்லாத்தானே இருக்கு" என்றார். நேற்றும் பட்டணம் போய்த் திரும்பினோம். தார்ரோட்டு வளைவு வந்ததும் சுருட்டை எடுத்து, பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். தலையை வெளியே நீட்டி உதட்டைக் குவித்தார்.