விளக்கு எரியும் முன்பு

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. விமானம் நிற்பதற்குள் எழுந்து பையை இழுக்கும் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான். பஹ்ரைனில் கிரேன் ஓட்டுகிறேன். சைட்டில் கீழே நிற்பவன் கையை உயர்த்தும் முன்பே, அவன் என்ன காட்டப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் புதிதாக ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். நான் விளக்கு எரிவதற்குள் அழுத்தினேன், திரும்பத் திரும்ப. டெஸ்ட் எடுத்த பாகிஸ்தானி தலையை ஆட்டினார்.

"பாய், லைட் மாஃபி. இத்னா ஜல்தி கியோன்?"

விளக்கே வரவில்லை, ஏன் இவ்வளவு அவசரம் என்கிறார். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார். அதிலும் தோற்றால் கிரேன் கிடையாது, ஹெல்பர் வேலைதான். ஹெல்பர் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. இங்கே ஈசா டவுன் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கும் மகளையும் மனைவியையும் வருடத்தின் பாதியில் ஊருக்கு ஏற்றிவிட வேண்டியதுதான்.

மகளுக்குப் பள்ளியில் உளவியலும் ஒரு பாடம். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, சைக்காலஜி சயின்ஸா ஸ்டார்ட் ஆனதே இந்த மாதிரி டெஸ்ட்லதான்!"

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் சோதனைக்கூடம் வைத்தார்களாம். சத்தம் கேட்டதும் ஒரு விசையை அழுத்தச் சொல்வார்களாம். கேட்பதற்கும் அழுத்துவதற்கும் நடுவே ஓடும் நேரத்தைக் கருவி வைத்து அளந்தார்களாம். அதுவரை தத்துவம் பேசுகிறவர்கள் கையில் இருந்த மனசு, அப்படித்தான் அளக்கக்கூடிய விஷயம் ஆனதாம். இருக்கட்டும், என் விசாவுக்கு ஜெர்மன்காரன் என்ன செய்வான்?

அவள் ஒரு ஸ்கேலைத் தூக்கிப் பிடித்தாள். விட்டதும் நான் பிடிக்க வேண்டும். விடுவதற்குள் என் விரல் மூடிக்கொண்டது. மறுபடியும் அதேதான்.

"அந்த லேப்ல இன்னொண்ணும் கேப்பாங்கப்பா. வெயிட் பண்றப்போ உள்ள என்ன நடந்துச்சுன்னு. மறைக்காம சொல்லணும்."

"ஒண்ணும் நடக்கல."

"ப்ளீஸ்ப்பா."

"நீயும் அம்மாவும் ஏர்போர்ட் லைன்ல நிக்கிய. திரும்பிப் பாக்காமப் போறிய. போதுமா?"

கத்திவிட்டேன். அவள் ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"அது வந்தா வரட்டும்ப்பா. பாத்துக்கிட்டே இருங்க. கை மட்டும் ஸ்கேலுக்கு வெயிட் பண்ணட்டும்."

அந்த வாரம் முழுக்க டியூட்டி முடிந்து வந்ததும் ஸ்கேல்தான். நான் ஸ்கேலோடு உட்கார்ந்ததும் மனைவி படுக்கையறைக்குப் போய்விடுவாள்.

இரண்டாவது தடவை மெஷின் முன்னால் உட்கார்ந்தபோதும் அந்த வரிசை கண்ணில் வந்தது. மகள் முதுகு, மனைவியின் நீலப் பை. வரட்டும் என்று விட்டேன். விளக்கு எரிந்தது. அழுத்தினேன். கடைசிவரை அப்படியே.

"கலாஸ் பாய், பாஸ்," என்றார் பாகிஸ்தானி. முடிந்தது, தேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் குதித்தாள். மனைவி சிரிக்காமல் படுக்கையறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். கதவுக்குப் பின்னால் மூன்று அட்டைப் பெட்டிகள். டேப் ஒட்டி, மேலே குக்கர், மிக்ஸி, போர்வை என்று எழுதியிருந்தது. எப்போது கட்டினாள் என்றே தெரியவில்லை.

"தூசி தட்டலாம்னு எடுத்து வச்சேன்," என்றாள்.

ஒட்டிய பெட்டிக்குள் என்ன தூசி என்று நான் கேட்கவில்லை. மகளும் உள்ளே வந்தாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து டேப்பைப் பிய்க்கத் தொடங்கினோம்.