ஐந்தில் மூன்று

லைல் ஹக்காலாவை எங்கள் ஊரில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் டாக்டர் இல்லை. இரண்டு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, ஐஸ் ஹாக்கிக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப்போடும் வேலையை இருபத்திரண்டு வருடம் பார்த்தவன். உண்மையான டாக்டர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

நான் அந்த அணியின் சாமான்காரன். ஸ்கேட்டைத் தீட்டுவது, மட்டைகளை அடுக்குவது, நாற்றம் பிடித்த கையுறைகளைக் காயவைப்பது என் பிழைப்பு. பெல்ட்டியே என்ற என் பெயரைப் பையன்கள் பெல்ட் என்று வெட்டிவிட்டார்கள். ஹக்காலாவின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான்.

எங்களுடையது கீழ் அணி. தெற்கே பெரிய நகரத்திலிருக்கும் மேல் அணிதான் எங்களுக்குச் சொந்தக்காரன். அவர்கள் தேர்ந்தெடுத்த பையன்களை எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் சதையும் புத்தியும் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். நன்றாக வந்தால் பெயர் அவர்களுக்கு, கெட்டுப்போனால் பழி எங்களுக்கு. இதில் புலம்ப ஒன்றுமில்லை, நாற்றங்கால் வேலை அப்படித்தான்.

ஹக்காலா பின்லாந்திலிருந்து வந்த மரவெட்டியின் பேரன். பனிமேல் நின்றால் கன்றுக்குட்டி மாதிரி கால் விரியும். ஆடத் தெரியாது, ஆனால் ஹாக்கி இல்லாமல் இருக்கவும் தெரியாது. அவன் மனைவி மார்லீன், "நீ உன் அணியோட பஸ்ஸையே கட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு மார்ச் மாதம் தங்கை வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. குழந்தை கிடையாது. கோபக்காரன், ஆனால் நேர்மையானவன். ஒருமுறை பாதம் உடைந்த ஆட்டக்காரன் ஒருவன் ஆடியே தீருவேன் என்று நின்றபோது, அவன் ஸ்கேட்டை ஹக்காலா எடுத்துத் தன் கார் டிக்கியில் பூட்டிச் சாவியை வாய்க்குள் போட்டுக்கொண்டான். கோச் கத்தியதற்குப் பதில்கூடச் சொல்ல முடியாது, வாயில் சாவி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவனுக்கு முடியாது என்று சொல்லத் தெரியும். தெரிந்தவன் அவன்.

கோல்பி ரெம்பல் மானிட்டோபா மாகாணத்தில் கோதுமைப் பண்ணைக்காரர் மகன். தற்காப்பு ஆட்டக்காரன். பதினெட்டு வயதில் எங்களிடம் வந்தபோது ஆறடி மூன்றங்குல உயரத்தில் துடைப்பக்குச்சி மாதிரி இருந்தான். "பையனை உன் வீட்டிலேயே வைத்துக்கொள், தேற்றி அனுப்பு" என்று மேலிருந்து ஹக்காலாவுக்கு உத்தரவு வந்தது. மாடியறை கொடுத்தான். காலையில் கஞ்சி, மத்தியானம் எடை தூக்கல், சாயங்காலம் கராஜில் கயிறு தாண்டல், பத்து மணிக்கு போன் ஹக்காலாவின் மேசை டிராயரில். வாரம் ஒருமுறை எடை, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினான். கோல்பியின் அம்மா எஸ்தர், பாலாடைக்கட்டி அடைத்த கொழுக்கட்டைகளை உறையவைத்துப் பெட்டி பெட்டியாக அனுப்புவாள். அதைப் பாதிக்குமேல் தின்றது ஹக்காலாதான். இரண்டு வருடத்தில் பையன் ஒன்பது கிலோ ஏறினான். பின்னோக்கிச் சறுக்கும்போது திணறிய கால் திணறாமலாயிற்று. ஹக்காலாவுக்கு அவன்மேல் பாசம் என்று யாராவது சொன்னால் கெட்ட வார்த்தையில் திட்டுவான். ஆனால் பாசம்தான்.

செப்டம்பரில், ஆட்டங்கள் தொடங்குமுன், எல்லோருக்கும் தலைப் பரிசோதனை உண்டு. ஐந்து சொற்களைப் படித்துக்காட்டுவார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கிடைத்த மார்க்கைத் தாளில் எழுதிவைப்பார்கள். பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரிசோதனை. இரண்டு தாளும் பொருந்தினால் ஆடலாம், பொருந்தாவிட்டால் வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். செப்டம்பரில் யாரும் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள். அடிபட்ட மண்டைக்கு என்ன மார்க் வருமோ அதை நல்ல மண்டையோடு இருக்கும்போதே வாங்கிவைத்துக்கொள்வார்கள். பழையவர்கள் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

அந்த வருடம் கோல்பி ஹக்காலாவின் முன்னால் உட்கார்ந்து, தலையைச் சொறிந்து, "ஏணி... மணி... குதிரை. அவ்வளவுதான் டாக்டர் வருது" என்றான். ஹக்காலா மூன்று என்று எழுதினான். பையன் வெளியே வந்ததும், நடைபாதையில் நின்ற கேப்டன் டூசே பிடித்துக்கொண்டான்.

"எத்தனை சொன்னே?"

"மூணு."

"நெஜமாவே மூணுதானா, மண்டு?"

"யாருடா மண்டு? ஏணி, கம்பளி, எலுமிச்சை, மணி, குதிரை. தலைகீழாச் சொல்லட்டா? குதிரை, மணி, எலுமிச்சை, கம்பளி, ஏணி."

பின்னால் வாசலில் தாளும் பேனாவுமாக ஹக்காலா நின்றிருந்தான். "கழுதை, சுவத்துக்கும் காது இருக்குடா" என்று சொல்லிச் சிரித்தான். டூசே சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தத் தாள் அப்படியே கோப்புக்குள் போயிற்று.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில், வலைக்குப் பின்னால், பந்துக்குப் பதிலாக நாங்கள் அடித்தாடும் ரப்பர் வில்லையை எடுக்கக் குனிந்த கோல்பியை எதிரணிக்காரன் ஒருவன் களத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்போடு வைத்து அறைந்தான். பையன் விழுந்தான், எழுந்தான், பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். எங்களுக்கெல்லாம் நிம்மதி. இடைவேளையில் என்னிடம் வந்து, "பெல்ட், இடது கால் வழுக்குது, கொஞ்சம் தீட்டிக் குடுங்க" என்றான். தீட்டிக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "பெல்ட், இடது கால் வழுக்குது" என்றான். இப்போதுதானே கொடுத்தேன் என்றதற்கு, வேறு யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமான்காரனுக்கு மண்டையைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அந்தச் சாக்கு எனக்குச் செல்லுபடியாகவில்லை.

மறுநாள் காலை ஹக்காலாவின் சமையலறையில் பையன் பாலை எடுத்துத் தட்டு அலமாரியிலும் தட்டை எடுத்து ஃபிரிஜ்ஜிலும் வைத்தானாம். பனி கண்ணைக் கூசுகிறது என்று வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தானாம். இதை ஹக்காலா என்னிடம் பிற்பாடு சொன்னான். அப்போது அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பரிசோதனை. நான் அந்த அறையில் கட்டுத்துணி உருளைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஹக்காலா அதே ஐந்து சொற்களைப் படித்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"ஏணி" என்றான் கோல்பி. கண்ணை மூடிக்கொண்டான். நெற்றி வேர்த்தது. "மணி." வெகுநேரம் கழித்து, "குதிரை."

"இன்னும்?"

"அவ்வளவுதான் டாக்டர். செப்டம்பர்லயும் மூணுதானே?"

"செப்டம்பர்ல அஞ்சையும் தலைகீழாச் சொன்னே. வெளிய நின்னு. நான் கேட்டேன்டா."

பையன் அவனை வெறித்தான். "சொன்னேனா? எப்போ?"

அது நடிப்பு இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஹக்காலாவுக்கும் புரிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கோச் வாசலில் தலையை நீட்டினார்.

"லைல், தாள் பொருந்துதா இல்லையா? நாளைக்கு மேலேருந்து ஆள் வர்றான். அங்க ரெண்டு தற்காப்புக்காரனுங்க அடிபட்டுக் கிடக்கானுங்க. திங்கக்கிழமை இவனைக் கூட்டிக்கிட்டுப் போகப் பாக்குறாங்க. இவங்கப்பா வேற வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு."

"டாக்டர்" என்றான் கோல்பி. "ரெண்டு வருஷமா இதுக்குத்தானே கஞ்சி குடிச்சேன்."

ஹக்காலா என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்திருந்தால், ஸ்கேட்டை இரண்டு தடவை கேட்டதைச் சொல்லியிருந்தால், ஒருவேளை அவனுக்குத் தெம்பு வந்திருக்கும். நான் உருளைகளை எண்ணினேன்.

"பொருந்துது" என்றான் ஹக்காலா. இரண்டு தாளையும் உண்மையான டாக்டருக்கு அனுப்பினான். ஆடட்டும் என்று அரைமணியில் பதில் வந்தது.

சனிக்கிழமை பையன் நன்றாகத்தான் ஆடினான். எங்கள் பையன்கள் இரண்டு கோல் போட எடுத்துக்கொடுத்தான். மேலிருந்து வந்தவன் இரண்டாம் பகுதி முடிந்ததும் எழுந்து, கோல்பியின் அப்பாவுக்குக் கைகொடுத்து, "திங்கக்கிழமை அங்க இருக்கணும், பெட்டிய கட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு விமானம் பிடிக்கப் போய்விட்டான். மூன்றாம் பகுதியில் நாலு நிமிடம் போயிருக்கும். எதிரணிக்காரன் ஒருவனின் தோள் கோல்பியின்மேல் லேசாகப் பட்டது. அடி என்றே சொல்ல முடியாது. நடுவர் விசில்கூட ஊதவில்லை. பையன் கையைக்கூட ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தான். ஹக்காலா பனியில் வழுக்கி வழுக்கி, கடைசியில் முழங்காலில் தவழ்ந்து அவனிடம் போய்ச் சேர்ந்தான்.

ஹெலிகாப்டர், அறுவை சிகிச்சை, பதினொரு நாள் நினைவில்லை. பிழைத்தான். மேல் அணி விசாரித்தது. இரண்டு தாளும் பொருந்தியிருந்தன, ஆகவே யார் மேலும் தப்பில்லை என்று முடிவாயிற்று. காகிதங்கள் ஒழுங்காக வைத்திருந்ததற்காக ஹக்காலாவைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்றே வேலையை விட்டான். அப்புறம் மூன்று வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். ஊரில் டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான்.

போன கோடையில் ஒருநாள், "ரெம்பல் வீட்டுக்குப் போறேன், வண்டி ஓட்டக் கூட வா" என்றான். எஸ்தர் எங்களைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தாள். கொழுக்கட்டையும் தொத்திறைச்சியும் வைத்தாள். கோல்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். உடம்பு ஊதியிருந்தது. ஹக்காலாவைக் கண்டதும் சிரித்து, "டாக்டர். ஏணி, மணி, குதிரை" என்றான்.

"எப்பப் பாத்தாலும் இதுதான்" என்றாள் எஸ்தர். "இன்னும் ரெண்டு இருக்குன்னு சொல்லி அழுவான். குளிர்காலம் பூரா தேடினான். நானும் எனக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். உங்களுக்குத் தெரியுமா அது என்னன்னு?"

ஹக்காலா முள்கரண்டியைக் கீழே வைத்தான். "கம்பளி. எலுமிச்சை."

கோல்பியின் முகம் மலர்ந்தது. எஸ்தர் கையைத் தட்டினாள். அதோடு ஹக்காலா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அம்மா, செப்டம்பர்ல இவன் அஞ்சையும் சொன்னான். என் காதால கேட்டேன். தெரிஞ்சுதான் மூணுன்னு விட்டேன். ஜனவரில மூணுதான் வந்துச்சு. நெஜமான மூணு. அதுவும் தெரிஞ்சுதான் பொருந்துதுன்னு சொன்னேன்."

அவளுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "எல்லா அணியிலயும் இப்படித்தான்மா" என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"உங்க வீட்ல இருக்கான், அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நிம்மதியாத் தூங்கினேனே" என்றாள். ஹக்காலாவின் தட்டை எடுத்தாள், பாதி தின்றிருந்த கொழுக்கட்டையைக் குப்பையில் கொட்டினாள், தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். நாங்கள் எழுந்தோம்.

"டாக்டர்" என்றான் கோல்பி. "ஏணி, மணி, குதிரை. இன்னும் ரெண்டு இருக்கு, என்னது அது?"

ஹக்காலா எஸ்தரின் முதுகைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை, "சொல்லுங்க" என்றாள்.

சொன்னான். பையன் மகிழ்ந்தான், மறந்தான், மறுபடி கேட்டான். அவன் கேட்டுக்கொண்டிருந்தவரை அவள் எங்களைப் போகவும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நின்றபடியே ஹக்காலா பதினொரு தடவை சொன்னான்.