கஸ்தூரி அக்காவோட பெல்ட் கிரைண்டர்

கஸ்தூரி அக்கா போய்ட்டாங்க.

காலைல அவங்க பொண்ணு போன் பண்ணா. மூணு நாளா வேலூர் ஆஸ்பத்திரில இருந்தாங்களாம்... எனக்குத் தெரியவே தெரியாது. அவங்க வீட்டுக்கு, பள்ளிகொண்டா போற பஸ்ல உக்காந்துக்கினு தான் இத டைப் பண்றேன்.

ஆம்பூர்ல நாங்க வேல செஞ்ச ஷூ கம்பெனி ஆளுங்களுக்கு அவங்கள நல்லா தெரியும். மத்தவங்களுக்காக சொல்றேன். சாம்பிள் செக்ஷன்ல ஸ்கைவிங் பண்றவங்க.

அதாவது, தோல மடிச்சுத் தைக்கறதுக்கு முன்னாடி அதோட ஓரத்த கத்தியால மெலிசா சீவணும். ஜாஸ்தி அழுத்தினா கிழிஞ்சிடும், கம்மியா அழுத்தினா மடிப்பு தடிச்சு நிக்கும்.

நான் அங்க எலக்ட்ரீஷியன்.

அக்காவுக்கு பீச்சாங்கை. கம்பெனி கத்தி எல்லாம் சோத்தாங்கைக்காரங்களுக்காக ஒரு பக்கம் மட்டும் சாணை புடிச்சது. அத அவங்க புடிச்சா தோலுக்குள்ள இறங்கிடும்.

அதுவரைக்கும் தையல் லைன்ல மெஷின் வேல, கத்தி புடிக்கற வேல இல்ல. அங்க இருந்து சாம்பிளுக்கு வந்த மொத வாரமே ஆறு பீஸ் வீணாச்சு. "ஒரு மாசம் டைம். கைய மாத்திக்கோ, இல்லன்னா பேக்கிங் போ"ன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.

பேக்கிங்னா அட்டப் பெட்டி மடிக்கறது... பதினஞ்சு வருஷம் தோல்ல கை வச்சவங்களுக்கு. அன்னிக்கு கேண்டீன்ல அவங்க சாப்பாட்டுப் பெட்டிய தொறக்கவே இல்ல.

அடுத்த நாள் வந்து சொன்னாங்க, "நாப்பது வயசுல கை மாறாதுபா. என் கைக்கு நானே கத்தி செஞ்சுக்கறேன்."

டேனரில தோல ரெண்டா பொளக்கற மெஷின்ல நீளமா ஒரு பிளேடு ஓடும். தேஞ்சு போனா தூக்கிப் போட்டுடுவாங்க. அதுல ஒரு துண்டு வாங்கினு வந்தாங்க, நல்ல இரும்பு. ஆனா சாணைக் கல்லுல வச்சா சூடேறி நீலம் பாஞ்சிடுது, அப்புறம் கூர் நிக்கல.

பெல்ட் கிரைண்டர் தான் வேணும். எமரி பெல்ட், உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கற பட்டை, சக்கரத்துல ஓடும், அதுல கத்திய மெதுவா வச்சுத் தேய்க்கலாம். அதையும் நாமளே கட்டிக்கலாம்னாங்க.

லேத்துக்காரராண்ட நின்னு சக்கரம் கடஞ்சு வாங்கினாங்க. இரும்பு ஆங்கிள் வாங்கி ஃப்ரேம் வெல்டிங் அடிக்க வச்சாங்க. பெல்ட் தொங்காம இருக்க பழைய மொபட் ஸ்டாண்டு ஸ்பிரிங்... அதுவும் அவங்க ஐடியா தான்.

மோட்டார் மட்டும் என் டிபார்ட்மெண்ட். "தையல் மெஷின் மோட்டார் போடலாம்க்கா, 2800 ஸ்பீடு"ன்னு ரொம்ப கெத்தா சொன்னேன். எங்க ஊர்ல எவன கேட்டாலும் அத தான் சொல்வான். ஸ்டிச்சிங் லைன்ல கழட்டிப் போட்டது ஸ்கிராப் கடைக்குக் கடை கெடக்குது.

பத்து நாள் கூட ஓடல. ஒரு ஞாயித்துக்கெழம அவங்க வீட்டு ஷெட்ல எரிஞ்சே போச்சு. அந்த மோட்டார்ல காத்து போக ஓட்டை இருக்கும். தைக்கற எடத்துல பரவால்ல, இங்க இரும்புத் தூள் உள்ள போய் காயில் ஷார்ட்.

ஷெட்டு பூரா பொக. அக்கா முந்தானையால மூக்க மூடிக்கினு, "இன்னாபா, எலக்ட்ரீஷியன்னு கூப்ட்டா சாம்பிராணி போடறவன் வந்துக்கிறானே"ன்னாங்க.

மாசம் முடிய பன்னெண்டு நாள் தான் பாக்கி. நான் அதே மோட்டாருக்கு காயில் கட்டலாம்னு பாத்துக்கினு இருந்தேன்... மூளைய என்ன சொல்றது.

திங்கக்கெழம அக்கா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "தோல தேய்ச்சு பாலிஷ் பண்ற பஃபிங் செக்ஷன்ல அவ்ளோ தூசி பறக்குது. அங்க ஓடற மோட்டார் எப்டிபா எரியாம கீது?"

அது முழுசா மூடின மோட்டார். வருஷக்கணக்கா அத சர்வீஸ் பண்றவனே நான் தான். ஒரு தடவ கூட தோணல. பேஜாரா போச்சு எனக்கு.

அதோட விடல. "ஸ்பீடு பாதி போதும். எனக்கு அவசரம் இல்ல, சூடு தான் கம்மியா இருக்கணும். ஆனா அழுத்தினா நிக்கக் கூடாது." அப்டி தான் மூடின மோட்டார், ஒரு ஹெச்பி, 1440 ஸ்பீடுன்னு முடிவாச்சு. ஸ்கிராப் கடைல நான் ஓகே சொன்ன நாலு மோட்டார கையால சுத்திப் பாத்தே, உள்ள கரகரங்குதுன்னு ஒதுக்கிட்டாங்க. அஞ்சாவது தான் எடுத்தது.

மாசம் முடிய ரெண்டு நாள் இருக்கறப்ப சூப்பர்வைசர் எதிர்லயே ஆட்டுத் தோல் ஒண்ணு எடுத்து, புதுக் கத்தியால, பீச்சாங்கையால, ஒரே இழுப்பு. சீவினது மேசைல நிக்காம ஃபேன் காத்துல பறந்துச்சு.

சூப்பர்வைசர் கத்திய வாங்கி அவரும் இழுத்துப் பாத்தாரு. அவருக்கு வரல. எனக்கு அப்ப இருந்த பெருமைக்கு அளவே இல்ல.

கத்தி வீட்டு மெஷின்ல தேச்சதுன்னு அக்கா சொன்னதும், "இதுக்கு மெஷின் யாரு கட்டினது?"ன்னு கேட்டாரு. அக்காவ பாத்து இல்ல, என்னப் பாத்து.

"நான் தான் சார்"னு வாய்ல வந்துடுச்சு.

அக்கா பக்கத்துல தான் நின்னாங்க. மத்தியானம் கேண்டீன்ல மட்டும், "எரிஞ்ச மோட்டாரும் நீ தான்னு சொன்னியா?"ன்னு கேட்டு சிரிச்சாங்க.

அப்புறம் பதினோரு வருஷம் சாம்பிள் செக்ஷன்லயே இருந்தாங்க. ஆலங்காயத்துல இருந்து வர்ற ஒரு பொண்ணு உட்பட பீச்சாங்கைக்காரங்க அஞ்சு பேருக்கு அந்த மெஷின்ல கத்தி தேச்சுக் குடுத்தாங்க. எல்லாரும் "சூப்பர் மெஷின்பா"ன்னு என்னாண்ட தான் சொல்வாங்க. நானும் தலையாட்டுவேன்...

கம்பெனி ஆளுங்க எல்லாரும் இத படிங்க. அந்த மெஷின் கட்டினது கஸ்தூரி அக்கா. மோட்டார் எடுத்ததும் கஸ்தூரி அக்கா. நான் ஒயர் குடுத்தேன், அவ்ளோ தான்.

இத நீங்க கேக்கற மாதிரி சொல்லிருக்கணும்க்கா.

போய்ட்டு வாங்க.