என்னை அம்மா என்று கூப்பிட்ட பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன்பு, இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அங்கே பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, இதுகள் எல்லாம் என் பிள்ளைகள்தான் என்று பெருமையடித்துக்கொண்டு திரிவேன்.

அதில் ஒரு பெண் பிள்ளை, இரண்டு வயது இருக்கும், சரியான சுட்டி. என் மேல் உயிராக இருந்தது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் என் மடியில்தான். பேச்சு வந்ததும் என்னை “அம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தது. டீச்சர் என்று சொல்லு என நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு அவ்வளவு சுகமாக இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. பிள்ளையின் அம்மா, செடி ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு தொப்பலாக நனைந்து வந்து கையை நீட்டினாள். பிள்ளை போகவில்லை. “அம்மா, அம்மா” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை ஒளித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, “ஏண்டி, இத நீ பெத்தியா, டீச்சர் பெத்தாங்களா?” என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சட்டென்று இருண்டுவிட்டது.

“இங்க வாடி!” என்று பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

பிள்ளை வீறிட்டது. கை அப்படியே தொங்கிப்போனது. “நீங்கதானே டீச்சர் ஏம்புள்ளய மயக்கி வச்சிருக்கீங்க!” என்று அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். எனக்கும் கோபம் தலைக்கேறியது. ‘பெத்தா மட்டும் போதுமா?’ என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, மாதாவே, பிள்ளையின் அழுகை என் வாயை அடைத்தது.

ஓட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முழங்கை மூட்டு விலகியிருக்கிறது என்றார் டொக்டர். எப்படி நடந்தது என்று அவர் கேட்டார். “நான்தான் சேர், கோவத்துல இழுத்துட்டேன்” என்று அவளே சொல்லி அழுதாள். டொக்டர் கையை மெதுவாக மடக்கித் திருப்பினார், மூட்டு சேர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை கையை ஆட்டி விளையாடியது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அம்மா தூக்கப் போனதும் பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அதைப் பார்த்து அவள் துடித்த துடிப்பு இருக்கிறதே, சொல்லி முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போனோம். அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அந்தப் பக்கம் அப்பாவின் மடியில் இருந்தது. நான் குனிந்து, “வாம்மா” என்றேன்.

“இந்தக் கையிலயா டீச்சர் ஆண்டவர வாங்கச் சொல்றீங்க?” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

என் மனசு மட்டும் என்ன சுத்தமா? அவள் கோபம் எல்லாருக்கும் தெரிந்தது. என் பொறாமை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பெற்றவளுக்குப் பயந்து பிள்ளை என்னிடம் ஒட்டிக்கொண்டதில் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததே! வரிசையை விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எனக்கும் ஒம்மேல பொறாமதாம்மா. நானும் போகல” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம். பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய் எங்கள் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தோம்.

மறுநாளிலிருந்து பிள்ளை “அம்மா” என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கவில்லை. “டீச்சர்” என்றால்தான் தூக்குவேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளை வரச் சொல்லி, அவள் கையாலேயே ஊட்டச் சொன்னேன். முதலில் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. அவள் அதட்டவில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கொழுந்து எடுக்க மலைக்குப் போவாள்.

அப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம் அவள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். ஈரத் தரையில் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் விரித்துக் காத்திருந்தாள். என் மடியில் இருந்த பிள்ளை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு இறங்கி, “அம்மா!” என்று ஓடியது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்றும் எந்தப் பிள்ளையாவது அம்மாவைக் கண்டு என் மடியிலிருந்து இறங்கி ஓடினால் எனக்கு நெஞ்சில் சுருக்கென்று ஒரு வலி வரத்தான் செய்கிறது. அந்த வலி பொறாமையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படிதான் தினமும் ஆண்டவரிடம் கேட்கிறேன்.