மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் வைஃபை

எங்கள் வீட்டு வைஃபை பெட்டி மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் இருந்தது. கறி சூடாக்கினால், ரொறன்ரோவிலிருந்து மகன் பேசுவது துண்டு துண்டாகத்தான் கேட்கும்.

போன கிழமை, நல்லூர்த் திருவிழாவுக்கு வருவாயா என்று கேட்டதற்கு "வாற…" என்பது மட்டும் வந்து சேர்ந்தது. மனைவி அதை "வாறன்" என்று எடுத்துக்கொண்டு அவனுடைய அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டாள்.

இன்று பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை வந்து பார்த்தார்.

"உது ரண்டும் ஒரே அலையிலை ஓடுது. பக்கத்திலை வைச்சால் கொழுவிச் சண்டை பிடிக்காமல் கொஞ்சுமே?"

பெட்டியை முன் ஹோலுக்கு மாற்றிவிட்டு மகனை அழைத்தோம். குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"வாற வருஷம் பாப்பம் எண்டெல்லே சொன்னனான், அம்மா."

மனைவி போனை என்னிடம் தந்தாள்.

"உந்தப் பெட்டியைப் பழைய இடத்திலையே வையுங்கோ."

ஒருமுறை வயர் இழுத்ததற்கே இடுப்புப் பிடித்துவிட்டது. நீங்களென்றால் திரும்ப வைப்பீர்களா?