காப்புக் கட்டிய கையால் சுட்ட சன்னாசி

மலேசியாவில் மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் சன்னாசி, கையில் மஞ்சள் காப்புக் கட்டிய நாளிலிருந்து கொசுவைக்கூட அடிக்கவில்லை, ஊதி அனுப்பினார். மனைவி வள்ளிநாயகிக்குக் கண் ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தால் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டுதல்; ஆப்பரேசனும் நல்லபடியாகவே முடிந்திருந்தது. காப்பு அவிழும்வரை கவிச்சி ஆகாது, உயிர்க்கொலை ஆகவே ஆகாது.

பூசைச் சாமான் வாங்க சிரம்பான் டவுனுக்குப் போனவர், மழைக்கு ஒரு கடையில் ஒதுங்கினார். எண்பத்திரண்டாம் வருடம், அங்கே வீடியோ கேம் பெட்டி புதிதாக வந்திருந்தது. காசு போட்டால் மேலேயிருந்து ஜந்துக்கள் வரிசையாக இறங்கும். நாம் சுட்டுத் தள்ள வேண்டும். மழை விட்டும் மனிதர் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக வேறு சொன்னார். வள்ளிநாயகி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"காப்புக் கட்டுன கையாலயா சுட்டீங்க?"

"அது வெறும் வெளிச்சம்லா, வள்ளி."

"வெளிச்சத்தச் சுடவா அவ்ளோ நேரம்?"

அதோடு சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. விரதம் கெட்டிருந்தால் கால் வெந்துபோகும். மிதிக்காமல் விட்டாலோ, அவள் கண்ணுக்கு என்ன ஆகுமோ? குழாயடியில் இதே பேச்சு. ரத்தம் வராதது கொலையில்லை என்றார்கள் சிலர். மனசால் நினைத்தாலே கொலைதான் என்றால் இந்த லயத்து வீடுகளில் பாதிப் பெண்டாட்டிகள் ஜெயிலில் இருக்க வேண்டும் என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

சன்னாசி பூசாரி இராஜமாணிக்கத்திடம் போனார். உயிர் இல்லாததைச் சுட்டால் பாவமில்லை என்று பூசாரி சுலபமாக முடித்துவிட்டார்.

"உசுரு இல்ல, சரிங்க ஐயா. ஆனா கொல்லணும்னுதானே சுட்டேன்? அது என்னைச் சுட்டப்ப நெஞ்சு பதறுச்சே, அதுவும் பொய்யா? கல்லுல ஆத்தா இருக்கான்னு கும்புடுறோம். கண்ணாடிக்குள்ள ஒன்னுமே இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

 பூசாரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

தீமிதி அன்று, வள்ளிநாயகியின் கண்ணை நினைத்துக்கொண்டு சன்னாசி தீக்குழியில் இறங்கினார். ஒரு கொப்புளம் இல்லை. முன்னால் கரகம் தூக்கிப் போன பூசாரிக்குத்தான் குதிகால் பொத்துப்போனது. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, பூசாரியையும் சிரம்பான் வீடியோ கேம் கடையில் பார்த்ததாக ஒரு கதை கிளம்பிவிட்டது. யார் பார்த்தார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

சன்னாசி அந்தக் கதையில் சேரவில்லை. வாசலில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் ஒன்னும் ஆகலியே, நிம்மதியா இருங்களேன்" என்றாள் வள்ளிநாயகி.

"அப்ப அன்னிக்கு நான் செஞ்சது ஒன்னுமே இல்லியா, வள்ளி?"

அவள் அவர் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.