இரும்புப் பெட்டியும் என் நாத்தனாரும்

என் நாத்தனாரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியாது. என் கணவரைவிட ஆறு வயது மூத்தவர், எனக்கு அண்ணி முறை, ஏற்காடு டவுனில் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் இருப்பது கரடியூர்ப் பக்கம், நாலு ஏக்கர் காபித் தோட்டத்துக்குள். மிக்ஸி வாங்குவதா, மகளை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்பதா, எதுவானாலும் இவர் முதலில் போன் போடுவது அக்காவுக்குத்தான். எனக்குத் தகவல் வருவது அப்புறம், அதுவும் சோறு போடும்போது.

மாமனார் ஒரு எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர். காட்டுக்குள் தனி பங்களாவில் குடியிருந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கியிருந்தார். அவர் இறந்த பிறகு லைசென்ஸ் இவர் பேருக்கு மாறியது. அந்தச் சனியன் மேலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பழைய பனியன் துணியை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதைத் துடைப்பார். என் பக்கம் ஐந்து நிமிடம் அப்படித் திரும்பியிருந்தால் நான் ஏன் இதையெல்லாம் எழுதப்போகிறேன்? அதை வைத்துச் சுடத் தெரிந்ததும் அண்ணிக்குத்தான். மாமனார் மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தாராம்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். போன உள்ளாட்சித் தேர்தலில் உத்தரவு வருவதற்கு ஒரு மாதம் முந்தியே இவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"நல்ல பிள்ளைன்னு மெடல் குத்துவாங்களாக்கும்?" என்றேன்.

தேர்தல் முடிந்து அது திரும்பி வர வேண்டிய சமயத்தில், இனிமேல் பீரோவில் வைக்கக்கூடாது, அதற்கென்று ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தார். ஏழு வயதுப் பெண் இருக்கிற வீடு, சரிதான் என்று நானும் நினைத்தேன். ஆனால் பெட்டி பார்க்க அக்காவும் தம்பியுமாகச் சேலத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள்! துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கடைக்காரரின் விலைப் பட்டியல் இருந்ததால்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்த தடவை நான் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணிக்குத் தலை சுற்றும் என்று ஜன்னலோரம் அண்ணிக்குப் போனது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் நடுவில் கிடந்து இடிபட்டேன். எனக்கும் தலை சுற்றியது. யார் கேட்டார்கள்?

கடையில் இவர் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடினார். கதவின் கனத்தை விரலால் அளந்தார். மலை ஈரத்துக்குத் துருப்பிடிக்குமா, மழைக்காலத்தில் பேட்டரி காலை வாருமா, தோட்டாவை வேறாக வைத்துப் பூட்ட உள்ளே தனி அறை உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. என் கல்யாணப் புடவையை அரை மணி நேரத்தில், "ஏதோ ஒண்ணு எடும்மா" என்று முடித்துவைத்த மனிதர்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க சார், திருடனுக்குப் பயந்து வாங்கறீங்களா, ஊட்ல இருக்கறவங்க கைக்கு எட்டக்கூடாதுன்னு வாங்கறீங்களா? திருடனுக்குன்னா வெயிட்டுப் பாக்கணுமுங்க. ஊட்டுக்குன்னா பூட்டுத்தான் முக்கியம்."

இவர் அக்காவைப் பார்த்தார். அண்ணிதான், "ஊட்டுக்குத்தானுங்க" என்றார்.

கைரேகை வைத்தால் திறக்கிற பெட்டி ஒன்று இருந்தது. நாலைந்து பேர் ரேகையைப் பதிந்துகொள்ளலாம் என்றார் கடைக்காரர். "அப்ப என்னுதையும் பதிஞ்சிருங்க" என்று விரலை நீட்டினேன்.

"அது வேண்டாங்க, நம்பர் பூட்டே காட்டுங்க" என்று இவர் கடைக்காரரிடம் சொன்னார். நான் நீட்டிய விரலை மடக்கிப் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

நம்பர் பூட்டுப் பெட்டிக்கு அவசரச் சாவி ஒன்று உண்டு. நம்பர் மறந்துபோனாலோ பேட்டரி தீர்ந்தாலோ அதை வைத்துத் திறக்கலாம். பில் போட்டதும் இவர் அந்தச் சாவியை எடுத்து, என் கண் முன்னாலேயே அண்ணியின் கைப்பையில் போட்டார். "அக்கா பேங்க் லாக்கர்ல இருக்கட்டும்" என்றார். மலை ஏறி வருகிற வரைக்கும் நான் அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு மண் குழைத்துக் கட்டிய கல் சுவர், பெட்டியைச் சுவரில் மாட்ட அடித்த போல்ட் நிற்கவில்லை. படுக்கையறைத் தரையைத் தோண்டி கான்கிரீட் போட்டுப் பெட்டியை அதில் இறுக்கினார்கள். ரிவால்வர் உள்ளே போனது. நம்பர் போடும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் தாலி கட்டிக்கொண்டு வந்தவளா, வழியில் போகிறவளா?

ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். மகள் பிறந்த தேதியை அழுத்தினேன். இல்லை. எங்கள் கல்யாண நாள். இல்லை. கடைசியாக அண்ணி பிறந்த நாளைப் போட்டேன். அதற்கும் திறக்காததில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் மூன்று தப்புக்குப் பிறகு பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது. காபிச் செடிக்குள் நின்றிருந்தவர் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எதுக்குத் தொறந்த? சொல்லு, எதுக்குத் தொறந்த?"

"எங்க தொறந்தேன்? உங்கக்காளுக்குச் சாவி, எனக்கு ஒண்ணுமில்லையா? நான் செத்தாத்தான் உங்க ரெண்டு பேருக்கும் நிம்மதி!"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கே அண்ணி வந்து இறங்கினார். அவர் உட்காருவதற்குள் பிடித்துக்கொண்டேன். "வாங்க, நம்பர் தெரிஞ்ச மகராசி வாங்க."

"நம்பர் எனக்கும் தெரியாது கண்ணு. சாவி லாக்கர்ல கெடக்குது. நீ கேட்டாக்கூட எடுத்துத் தராதேன்னு சொல்லித்தான் குடுத்தான்" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணு சாகறேன் சாகறேங்கற? அவன் ராத்திரி தூங்கறதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது வாய் வார்த்தை அண்ணி. எங்கம்மா பால் பொங்கி ஊத்துனாக்கூட அதைத்தான் சொல்லும்."

"செரி. பீரோவுக்கு முன்னால நின்னியாமே, அதும் வாய் வார்த்தையா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன வருஷம் அது. விடாத மழை, வீடெல்லாம் ஈரத்துணி நாற்றம். ஒரு சாயங்காலம் பீரோ கதவைத் திறந்து துப்பாக்கியைச் சுற்றிவைத்திருந்த துணி மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பினால் வாசற்படியில் இவர். "காபி போடட்டுமா?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன். பீரோவைச் சாத்தினேன். அவர் ஒன்றும் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த வாரமே துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனதை நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

"வித்துடுடான்னு சொன்னேன். அப்பா கையில இருந்ததுன்னு அவனுக்கு மனசு வரலை" என்றார் அண்ணி. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் அப்போதும் எனக்குப் பொறாமை அடங்கவில்லை. துப்பாக்கி போகட்டும், சாவி போகட்டும். இத்தனை பெரிய பயத்தை அவர் கொண்டுபோய்க் கொட்டியது அக்காவிடம். பக்கத்திலேயே படுத்திருந்த என்னிடம் இல்லை. இவர் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவியதும் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, என்னைப் பத்தின பயத்தை எங்கிட்டச் சொல்லக்கூடாதா? அதையும் அக்காகிட்டத்தான் சொல்லணுமா?"

துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

"உங்கிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டீன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பெட்டி படுக்கையறை மூலையில் இருந்தது. கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"அன்னைக்கு ஆமாங்க. இன்னைக்கு இல்லைங்க."

காபி போடட்டுமா என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. துண்டைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.